ஐந்தாம் லைன் பெட்டியில் ஒரு பச்சை ஒயர்

எவாஞ்சலின் கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்திப் போடுவார். கார்பன் தாள் வைத்து நான்கு பிரதி எடுக்கிற டெஸ்ட் ரிப்போர்ட்டில் மற்றவர்கள் கையெழுத்து கடைசிப் பிரதியில் நிழல் மாதிரிதான் விழும். அவருடையது நான்கிலும் ஒரே மாதிரி பளிச்சென்று இருக்கும். "மேடம் கையெழுத்து இருந்தா மறுபடி பாக்க வேண்டாம்" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அப்படிச் சொல்வது எவ்வளவு தப்பு என்று எங்களுக்குக் காட்டியவரும் அவர்தான்.

நான் நெய்வேலி நகரியத்தின் விளிம்பில் இருந்த ஒரு துணைமின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் ஆப்பரேட்டர். பெயர் அசோக்குமார், பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம். எவாஞ்சலின் குறிஞ்சிப்பாடிக்காரர். அப்பா லூர்துசாமி கைலி நெய்கிறவர். அரசு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு 1989இல் ரிலே டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தார். நேர்முகத் தேர்வில் ஒரு அதிகாரி, "யார்டுல ஏணி ஏற வேண்டி வரும், ஏறுவியாம்மா?" என்று கேட்டாராம். "கீழே பிடிக்க ஆள் இருந்தா ஏறுவேன் சார். இல்லன்னாலும் ஏறுவேன்" என்றாராம் இவர். வேலையில் சேர்ந்த பிறகும் அதே பேச்சுதான், அதே நிமிர்வுதான்.

ரிலே என்பது ஒரு சின்னப் பெட்டி. லைனில் ஏதாவது கோளாறு என்றால் அதைக் கண்டுபிடித்து, பிரேக்கருக்குச் சொல்லி, மின்சாரத்தை அறுக்க வைப்பது அதன் வேலை. வருஷக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். தேவைப்படும்போது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட அதற்குக் கிடையாது. தேவையான நேரத்தில் தூங்குகிற ரிலேயும், தேவையில்லாத நேரத்தில் துள்ளுகிற ரிலேயும் எங்களுக்கு ஒன்றுதான். இரண்டுமே இருட்டில் கொண்டுபோய் விட்டுவிடும்.

எங்கள் நிலையத்தில் இரண்டு பஸ் உண்டு. எல்லா லைன்களும் வந்து சேருகிற தடித்த அலுமினியக் குழாய்களுக்குத்தான் பஸ் என்று பெயர். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏழு லைன்கள். அதைக் காவல் காக்கிற ரிலே செய்வது ஒரு கூட்டல் கணக்கு. உள்ளே வருகிற கரண்ட்டும் வெளியே போகிற கரண்ட்டும் சமமாக இருந்தால் பேசாமல் இருக்கும். சமமில்லை என்றால் பஸ்ஸிலேயே கோளாறு என்று பொருள். உடனே ஏழு லைன்களையும் அறுத்துவிடும். மிகவும் கண்டிப்பான ரிலே அது. அதனாலேயே அதன் மேல் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு.

1998 நவம்பர். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பகல் மூன்று மணி ஷிப்டை அப்போதுதான் நான் கையில் வாங்கியிருந்தேன். மூன்று பத்துக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி நான்காம் லைனில் ஒரு இன்சுலேட்டர் மின்னல் பட்டு வெடித்தது. அந்த ஒரு லைன் மட்டும் போயிருக்க வேண்டும். அதற்குப் பதில் வெளியே திறந்தவெளி யார்டில் படபடவென்று ஏழு பிரேக்கரும் விழுந்தன. ஒன்றாம் நம்பர் பஸ் முழுக்கச் செத்தது. என் முன்னால் இருந்த பேனலில், ரிலே வேலை செய்துவிட்டது என்று காட்டுகிற பஸ் ரிலேயின் சிவப்புக் கொடி விழுந்திருந்தது.

முதலில் வந்த போன் சுரங்கத்தின் பம்ப் பிரிவிலிருந்து. பேசியவர் ஆனந்த்ராஜ், எவாஞ்சலினின் கணவர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரிய அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே மனிதர்கள் வேலை செய்ய முடியும்.

"அசோக், எங்க பம்ப்ல பாதி நின்னுபோச்சு. மீதி ரெண்டாம் பஸ்ல ஓடிகினு இருக்கு. எவ்ளோ நேரம் ஆவும்?"

"பஸ்ஸை நடந்து பாக்காம கரண்ட் ஏத்த முடியாது. முக்கால் மணி நேரம் குடுங்க."

"குடுக்கறேன். அதுக்கு மேல போனா கீழ இருக்கற ஆளுங்கள மேல ஏத்திடுவேன். சொல்லிட்டேன்."

மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒன்றாம் பஸ்ஸின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தோம். கருகல் இல்லை, உடைசல் இல்லை. நாற்பது நிமிஷத்தில் திரும்ப ஏற்றினேன். பம்புகள் ஓடின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காரணமே இல்லாமல் பஸ் போயிருந்தது. அதுதான் எங்களை உலுக்கியது.

மறுநாள் காலை எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் சங்கரலிங்கம் அறையில் கூட்டம். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தால் பதறிவிடுவார். அன்று காலையிலிருந்து அவருக்கு நான்கு போன் வந்திருந்தது.

"அந்த ரிலே கெட்டுப்போச்சு. டிரிப் லிங்க்கை எடுத்து வெளிய வச்சிருங்க. கம்பெனி இன்ஜினியர் மெட்ராஸ்ல இருந்து வர ஒரு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் அது இல்லாமலே ஓட்டுவோம்" என்றார். லிங்க் என்பது ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அதைக் கழற்றிவிட்டால் ரிலே எவ்வளவு கத்தினாலும் பிரேக்கர் காதில் விழாது.

எவாஞ்சலின் கையைக்கூடத் தூக்கவில்லை. நேராகப் பேசினார். "ரிலே கெட்டிருக்காது சார். அதுக்கு யாரோ தப்புக் கணக்கு குடுத்திருக்காங்க. ஒரு மாசம் லிங்க் இல்லாம இருந்து, நெஜமாவே பஸ்ல ஃபால்ட் வந்தா, அடுத்த ஸ்டேஷன்காரன் பார்த்து அறுக்கறதுக்குள்ள அலுமினியம் உருகி ஊத்தும். கீழ ஆள் இருப்பாங்க."

"கெட்டிருக்காதுன்னு எப்படிம்மா இவ்வளவு உறுதியாச் சொல்லுதீங்க?"

"ஆறு மாசம் முன்ன நாந்தான் டெஸ்ட் பண்ணேன்."

அறையில் ஒருவர் சிரித்தார். எவாஞ்சலின் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கரலிங்கம் கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சரி. மூணு நாள். அந்த மூணு நாளும் லிங்க் வெளிய இருக்கட்டும், யார்டுல வேற எந்த வேலையும் வேண்டாம். நாலாவது நாள் ரிலே நல்லதுன்னு எழுதித் தாங்க, இல்ல கெட்டதுன்னு எழுதித் தாங்க. ரெண்டுல ஒண்ணு."

முதல் நாள் முழுக்க ரிலேயைச் சோதித்தார். சோதனைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட்டை ஏற்றி, எந்த அளவில் அது விழுகிறது என்று இருபது முறை பார்த்தார். இருபது முறையும் ஆறு மாதம் முந்தைய அளவேதான். நோட்டில் எழுதிவிட்டு என்னிடம் வந்து, "நான் சொன்னேன் இல்ல?" என்றார். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டாம் நாள் யார்டுக்கு இறங்கினார். கூட வந்தவர் ஒயர்மேன் பாவாடை. கம்மாபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், எங்கள் நிலையத்தின் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து மூடியவர். லைனில் ஓடும் பெரிய கரண்ட்டைச் சிறிதாக்கிக் கொடுக்கிற கருவிக்கு சி.டி. என்று பெயர். ஏழு லைன்களின் சி.டி.யிலிருந்தும் ஒயர்கள் யார்டுப் பெட்டிகள் வழியாக கன்ட்ரோல் ரூமில் உள்ள ரிலேக்கு வருகின்றன. அந்தச் சுற்று முழுவதற்கும் பூமியோடு ஒரே ஒரு இணைப்புதான் இருக்க வேண்டும், அதுவும் பேனலில் மட்டும். அந்த இணைப்புக்குத்தான் எர்த் என்று பெயர். இரண்டாவதாக எங்காவது எர்த் இருந்தால், சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்து பூமிக்குள் பெரிய கரண்ட் பாயும்போது, இரண்டு எர்த்துக்கும் நடுவில் வேண்டாத கரண்ட் ஓடும். ரிலேயின் கூட்டல் கணக்கு அங்கே தப்பும்.

"ரெண்டாவது எர்த் ஒண்ணு எங்கியோ இருக்கு அண்ணா. ஒவ்வொரு லைனா நிறுத்திக் கேட்டுப் பாப்போம்" என்றார் எவாஞ்சலின்.

ஒரு லைனை ஒரு மணி நேரம் நிறுத்த நான் அனுமதி வாங்கித் தருவேன். அவர்கள் அந்த லைனின் ஒயர்களைப் பேனலிலிருந்து பிரித்து, மெக்கர் என்கிற கைப்பிடி வைத்த மீட்டரை மாட்டிச் சுற்றுவார்கள். ஒயருக்கும் பூமிக்கும் தொடர்பில்லை என்றால் முள் கடைசி வரை போய் நிற்கும். இரண்டாம் நாள் நான்கு லைன் பார்த்தார்கள். நான்கிலும் முள் கடைசிக்குப் போனது.

மூன்றாம் நாள் காலை ஐந்தாம் லைன். பாவாடை கைப்பிடியைச் சுற்றினார். முள் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை.

"மேடம், செத்த பாம்பு மாதிரி கெடக்குது" என்றார் பாவாடை.

யார்டில் உள்ள ஐந்தாம் லைன் பெட்டியைத் திறந்தார்கள். முன்பக்கம் எல்லாம் ஒழுங்கு. ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர், ஒவ்வொரு திருகும் இறுக்கம். ஒரு மணி நேரம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. தூறல் ஆரம்பித்தது. பாவாடை எங்கோ போய்விட்டு, தன் மொபெட்டின் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அதைப் பெட்டியின் கீழ்ப்பக்கமாக உள்ளே நீட்டி, டார்ச்சை அடித்தார்.

"பின்னாடி பாருங்க. பச்சையா ஒண்ணு."

இணைப்பு வரிசையின் முதுகுப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை ஒயர். ஒரு முனை சி.டி. சுற்றில், மறு முனை பெட்டியின் உடம்பில். கட்டுமானத்தின்போது பாதுகாப்புக்காகப் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டிய ஒயர். எடுக்காமலே விட்டிருந்தார்கள்.

பாவாடை கட்டரை நீட்டினார். எவாஞ்சலின் வாங்கவில்லை. முதலில் போட்டோ எடுக்கச் சொன்னார், என்னையும் வரவழைத்துக் காட்டினார், பிறகு தன் கையாலேயே வெட்டினார். மெக்கர் முள் ஓடிப்போய்க் கடைசியில் நின்றது. பாவாடை சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று நாளில் பிடித்துவிட்டாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எவாஞ்சலின் சிரிக்கவில்லை. "இந்த லைன் எப்ப போட்டது அசோக் சார்?" என்று கேட்டார்.

"தொண்ணூத்தஞ்சு."

நேராக ரெக்கார்ட் ரூமுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். 1995 ஆகஸ்ட் பைலை எடுத்து, ஐந்தாம் லைனின் முதல் சோதனை ரிப்போர்ட்டைப் பிரித்தார். பதினேழாவது வரி: சி.டி. சுற்றில் ஒரே ஒரு எர்த்தா என்று பார்க்கப்பட்டதா. எதிரே ஒரு டிக். கீழே அழுத்திப் போட்ட கையெழுத்து.

அவர் முகம் வெளிறியதை அன்றுதான் பார்த்தேன். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு எட்டு மாசம். காலெல்லாம் வீங்கி இருந்துது. அன்னிக்கி நான் யார்டுக்குப் போவல. பேனல் பக்கம் மட்டும் பாத்தேன். யார்டு எர்த்தை எடுத்தாச்சுன்னு கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வந்து சொன்னாரு. டிக் போட்டேன்."

"அந்த நிலைமையில யாரா இருந்தாலும்..." என்று ஆரம்பித்தேன்.

"யாரா இருந்தாலும் இல்ல சார். நான். ஒடம்பு முடியலன்னா பாக்கலன்னு எழுதியிருக்கணும். பாத்தேன்னு எழுதியிருக்கேன்."

அன்று மாலை சங்கரலிங்கம் ரிப்போர்ட்டைப் படித்தார். நான் ஷிப்ட் லாக் புத்தகத்தோடு அங்கே நின்றிருந்தேன். அவர் இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். முதல் சோதனை செய்தவர் யார்டுப் பெட்டியை நேரில் பார்க்காமலே பார்த்ததாகக் குறித்துள்ளார் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் தன் பெயரையே போட்டிருந்தார் எவாஞ்சலின்.

"இது என்னத்துக்கு? கான்ட்ராக்டர் ஒயரிங் தப்புன்னு ஒரு வரி எழுதினாப் போதுமே. அதும் உண்மைதானம்மா."

"பாதி உண்மை சார்."

"மெமோ வரும். தெரியுமா?"

"வரட்டும் சார். வயித்துப் புள்ளயோட இருந்த அந்தக் கடைசி ரெண்டு மாசத்துல நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இன்னும் பதினொண்ணு இருக்கு. பதினொண்ணையும் திரும்பப் பாக்கறேன். அதுக்கு ஷட்டவுன் வேணும். அதத்தான் கேக்க வந்தேன்."

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெமோவும் நான்தான் தரணும், ஷட்டவுனும் நான்தான் தரணும். நல்லா இருக்கு" என்றார். இரண்டையும் தந்தார். மீதி இரண்டு லைனும் சுத்தம் என்று பார்த்த பிறகு லிங்க் அன்றே உள்ளே போனது.

மெமோ செய்தி நகரியம் முழுக்கப் பரவியது. பொம்பளையை டெஸ்டிங்கில் போட்டால் இப்படித்தான் என்று கேன்டீனில் ஒருவர் பேசினார். எவாஞ்சலின் பக்கத்து மேஜையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தப்பு பண்ணதும் பொம்பளைதான், கண்டுபுடிச்சதும் பொம்பளைதான். ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார்.

வெளியில் அப்படி. வீட்டில் அப்படி இல்லை என்று ஆனந்த்ராஜ் பின்னாளில் சொன்னார். அந்த வாரம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். "அன்னிக்கி பம்ப் நின்னப்ப கீழ எத்தினி பேரு இருந்தாங்க?" என்று மட்டும் ஒருநாள் கேட்டிருக்கிறார். "நூத்தி நாப்பது" என்றாராம் கணவர். மறைக்கவில்லை. மறைத்தால் அவருக்குப் பிடிக்காது என்று ஆனந்த்ராஜுக்குத் தெரியும்.

பதினொரு ரிப்போர்ட்டையும் பார்த்து முடிக்க ஏழு வாரம் ஆனது. பத்து சுத்தம். பதினொன்றாவதில் ஒரு திருகு தளர்ந்திருந்தது, அதை இறுக்கினார். அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் அந்தப் பதினேழாவது வரி இரண்டாகப் பிரிந்தது. பேனலைப் பார்த்தவர் ஒரு கையெழுத்து, யார்டைப் பார்த்தவர் வேறொரு கையெழுத்து. பாவாடையும் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். முதல் தடவை போடும்போது துணியில் விரலைத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார்.

2001 மே மாதம், பகல் பன்னிரண்டரை. வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. இரும்புத் தூண்களுக்குப் பெயின்ட் அடிக்க ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பாவாடையை அனுப்பியிருந்தேன். ஒன்றாம் பஸ்ஸைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர் ஒன்று, உள்ளே எப்போதோ விட்ட விரிசல் பெரிதாகி, ஒரேயடியாக உடைந்தது. குழாய் சாய்ந்து இரும்புச் சட்டத்தில் மோதியது. இந்த முறை நிஜமான ஃபால்ட். குழாயிலிருந்து இருபது அடியில் ஆட்கள்.

கன்ட்ரோல் ரூம் கண்ணாடிகள் அதிர்ந்தன. நான் பேனலைப் பார்த்தேன். பஸ் ரிலே விழுந்திருந்தது, ஏழு பிரேக்கரும் திறந்து மின்சாரத்தை அறுத்திருந்தன. இரண்டாம் பஸ்ஸின் மீட்டர்கள் ஒரு தடவை நடுங்கிவிட்டு அப்படியே நின்றன. யார்டுக்கு ஓடினேன்.

பெயின்ட்காரர்கள் டப்பாக்களைப் போட்டுவிட்டு வேலி ஓரம் நின்றிருந்தார்கள். பாவாடை தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் பீங்கான் சில்லு கீறி ரத்தம்.

"என்னா ஆச்சுண்ணே?"

"சத்தம் கேட்டுது, திரும்பனேன். திரும்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு. வெளிச்சம் பாத்தனா இல்லையான்னே தெரியல" என்றார்.

குழாய் சட்டத்தில் பட்ட இடத்தைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. அவ்வளவுதான். அரை நொடி நீடித்திருந்தால் அந்த இடத்தில் குழாயே இருந்திருக்காது. ஆட்கள் இருந்திருப்பார்களா என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

எவாஞ்சலின் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். நேராகப் பாவாடையிடம் போய் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். முதலுதவிப் பெட்டி கொண்டுவரச் சொல்லிக் கட்டுப் போட்டார். அதற்குப் பிறகுதான் ரிலேயைப் பார்க்கப் போனார். சங்கரலிங்கம் இதற்குள் ஊரையே கூட்டிவிட்டார். புது இன்சுலேட்டர் மூன்று மணிக்கு ஏறியது. மூன்றே காலுக்கு அவர் கன்ட்ரோல் ரூமுக்குள் வந்தார்.

"ஏத்திரலாமா?"

"ரிலேய ஒரு தடவ சோதிச்சிட்டு ஏத்தலாம் சார்."

"அது இப்பதானே ஒழுங்கா வேலை செஞ்சுது. ஏழு பேரைக் காப்பாத்தியிருக்கு. இன்னும் என்ன சோதனை?"

"இவ்ளோ பெரிய ஃபால்ட் கரண்ட் அந்த சி.டி.யெல்லாம் வழியா இப்பத்தான் போயிருக்கு. நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரியும்னு எழுத முடியாது. பாத்தேன்னுதான் எழுதணும்."

சங்கரலிங்கம் மேலிடத்துக்குப் போன் போட்டு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். குரலில் பதற்றமே இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. "டெஸ்டிங்காரங்க பாத்துட்டு இருக்காங்க. அவங்க சொன்னாத்தான் ஏத்துவேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

எவாஞ்சலின் பேனலைப் பார்த்தார், பாவாடை கட்டுப் போட்ட கையோடு ஏழு யார்டுப் பெட்டிகளையும் திறந்து மூடினார். ஐம்பது நிமிஷம். இருவரும் அவரவர் இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாலு இருபதுக்கு நான் பிரேக்கரைப் போட்டேன். பஸ் லேசாக முனகிவிட்டு உயிர் பிடித்தது. பம்ப் பிரிவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எடுத்தது ஆனந்த்ராஜ் இல்லை, வேறு யாரோ. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு எவாஞ்சலின் மூலை மேஜையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். காலையில் கட்டிய தயிர் சாதம் மே மாத வெயிலில் நன்றாகப் புளித்திருந்தது. முகர்ந்து பார்த்தார், ஊறுகாயைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.